கனமான டர்போ குடும்பக் கார்: ஸ்பிரிங்கா, பாரா, ஷாக்கா?

நேர் சாலையில் டர்போ தன் காரின் எடையை மறைத்துவிடும். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றைத் தொடுவதற்குள் இழுவை மொத்தமும் வந்துவிடுவதால், கால் வைத்ததும் பாய்கிறது, இதற்கா கனமான வண்டி என்று பெயர் என்று தோன்றும். முதல் கூர்மையான வளைவிலேயே குட்டு உடைந்துவிடும். ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகு ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் மூக்கு திரும்பும். பின்சீட்டில் கிடந்த தண்ணீர் பாட்டில் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்கு உருளும். வளைவு முடியுமுன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகும்.

இதைச் சரிசெய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங். நானும் அதைத்தான் செய்தேன். வேறு வழிகளை அப்புறம்தான் ஒவ்வொன்றாக முயன்றேன். செய்த வரிசை தப்பு என்பதுதான் இந்த ஒப்பீட்டுக்கே காரணம்.

ஸ்பிரிங்கிலிருந்து தொடங்கலாம். கார் 1,700 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 58 செ.மீ. உயரத்தில், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 155 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வளைவில் 0.7 ஜி (காரின் எடையில் பத்தில் ஏழு பங்கு) பக்கவாட்டு விசை வந்தால், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் சுமை ஏறக்குறைய 445 கிலோ. காரை 25 மி.மீ. தாழ்த்திவிட்டு அதே கணக்கைப் போட்டால் 426 வருகிறது. லாபம் 19 கிலோ, டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி அளவு. அவ்வளவுதான்.

இந்தச் சின்ன லாபத்துக்குக் கொடுக்கும் விலை பெரிது. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு) உள்ள முன்பக்கத்தில் காரைத் தாழ்த்தினால், சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க்கைகள் சக்கரத்தை நோக்கி மேலே சாய்கின்றன. அதனால் ரோல் மையம், அதாவது பாடி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையே நெம்புகோலின் நீளம் கூடிப்போய், பாடி முன்பைவிட அதிகமாகச் சாயத் துடிக்கும். அதை அடக்கத்தான் புது ஸ்பிரிங்கின் விறைப்பில் ஒரு பங்கு செலவாகிறது. குடும்பக் காருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்பிரிங் அமுங்க மொத்தம் 70 மி.மீ. இடம் இருக்கிறது என்றால், ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறியதும் 30 போய்விடும், தாழ்த்தியதில் இன்னொரு 25. மிச்சம் 15 மி.மீ. வளைவின் நடுவில் ஒரு மேடு வந்தால் கார் பம்ப் ஸ்டாப்பில், அதாவது அமுக்கத்தின் எல்லையில் உள்ள ரப்பர் தடுப்பில், உட்கார்ந்துவிடும். அந்த நொடியில் அந்தச் சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே இல்லை என்று அர்த்தம். ஆள் ஏறாத காரில் பிரமாதமாக இருந்த அதே செட், குடும்பத்தோடு போகும்போது திடீரென்று வழுக்கியது இதனால்தான்.

அடுத்தது ஆன்டி-ரோல் பார், இடது வலது சக்கரங்களை இணைத்து, கார் சாய்வதை எதிர்க்கும் கம்பி. செலவுக்குக் கிடைக்கும் மாற்றத்தைப் பார்த்தால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20 மி.மீ. பாரை எடுத்துவிட்டு 22 போட்டால், பார்க்க இரண்டு மில்லிமீட்டர், விறைப்பில் 46 சதவீதம் கூடுதல்.

ஆனால் எந்தப் பக்கம் போடுவது? சாய்கிறது என்றதும் முன்பக்கம் தடித்த பார் போடுகிறவர்கள் உண்டு. முன்சக்கர இழுவைக் காரில் அது வினையை விலைக்கு வாங்குவது. எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் ஏற்கெனவே முன்னால் இருக்கிறது. மேலே சொன்ன 445 கிலோவை எந்தப் பாரும் குறைக்காது; அதை முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று பங்கு பிரிக்க மட்டுமே செய்யும். டயரின் பிடி சுமை ஏறுகிற அதே விகிதத்தில் ஏறுவதில்லை, கொஞ்சம் பின்தங்கும். ஆகவே ஒரே டயரின் தலையில் பாரத்தை ஏற்றுவதைவிட இரண்டுக்கும் பகிர்ந்து கொடுத்தால் மொத்தப் பிடி அதிகம். பின்பாரைத் தடிப்பாக்கினால் சுமைமாற்றத்தில் பெரும்பங்கைப் பின்பக்கம் வாங்கிக்கொள்ளும். முன் உள்சக்கரம் தரையை விடாமல் இருக்கும், மூக்கு உள்ளே வரும். டர்போ தள்ளும்போது அந்தச் சக்கரம் வெறுமனே சுழலுவதும் குறையும்.

பின்சக்கர இழுவைக் காருக்கு இதே வைத்தியம் விஷம். அங்கே வெறுமனே சுழலப்போவது பின் உள்சக்கரம். முன்சக்கர இழுவையிலும் அளவு மீறினால், ஈரச் சாலையில் வளைவின் நடுவே பயந்து காலை எடுத்த உடனே வால் சுற்ற ஆரம்பிக்கும். அந்தக் காரை வீட்டில் வேறு யாராவது ஓட்டுவார்கள் என்றால், ஒரு படி தடித்தது போதும்.

ஷாக் அப்சார்பர் மாற்றுவதில் கவர்ச்சியே கிடையாது. காரின் உயரம் மாறாது, பக்கத்தில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் நான் இன்னொரு முறை தொடங்கினால் இதில்தான் தொடங்குவேன். ஷாக் தேய்வது நாளுக்கு நாள் கடுகளவு, அதனால் ஓட்டுகிறவர் தன்னை அறியாமலே பழகிவிடுகிறார். என் காரில் பின்பக்க ஷாக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் தூசி அப்பி, தொட்டால் விரலில் கருப்புக் களிம்பாக ஒட்டியது. அதன்மேல்தான் விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டிருந்தேன்! ஸ்பிரிங் விறைத்தால் அதைத் திரும்பி வரும்போது பிடித்து நிறுத்த இன்னும் பலமான ஷாக் வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேட்டுக்கும் கார் இரண்டு தடவை தலையாட்டும். பழையபடி கம்பெனி ஸ்பிரிங்கையே போட்டு, கொஞ்சம் பலமான ஷாக் நான்கும் மாற்றியபோது கிடைத்த வித்தியாசம், தாழ்த்தியபோது கிடைக்கவே இல்லை. பாடி கடைசியில் அதே அளவு சாய்கிறது. அந்தச் சாய்வுக்கு மெதுவாக, ஒரே மூச்சில் போய்ச் சேர்கிறது. பயத்தைத் தருவது சாய்வைவிட அது வரும் வேகம்தான்.

புஷ் (சஸ்பென்ஷன் கைகளின் மூட்டில் இருக்கும் மெத்தை வளையம்) விஷயத்தில் புது ரப்பரா, பாலியூரித்தேனா என்ற சண்டை முடிவதில்லை. பாலி, ஸ்டீயரிங்கைக் கூர்மையாக்கும். பதிலுக்கு அதிர்வும், கிரீஸ் காய்ந்தால் கீச்சு சத்தமும் தரும். குடும்பக் காருக்கு நான் புது ரப்பர் கட்சி. ஒரு சங்கதி மட்டும் கவனம்: ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, கார் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். எனக்கு வேலை செய்தவர் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கிவிட்டார். காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ வேண்டியதாகி, சில மாதங்களில் கிழிந்து நின்றது.

டயருக்கு வருவோம். 225/50 ஆர்17-ஐ விட்டு 225/40 ஆர்19-க்குப் போனால் டயரின் பக்கச்சுவர் உயரம் 112-லிருந்து 90 மி.மீ. ஆகும். ஸ்டீயரிங் சட்டென்று பதில் சொல்லும், உண்மைதான். கூடவே பெரும்பாலும் சக்கரத்தின் எடையும் ஏறும், குழியில் ரிம் வளையும். அதே பணத்தில் 17 அங்குலத்திலேயே தரமான டயர் வாங்கினால் பிடியும் பிரேக்கும் சேர்ந்து கூடும். வாங்கும்போது சுமைக் குறியீட்டைப் பாருங்கள். 94 என்றால் ஒரு டயருக்கு 670 கிலோ, 98 என்றால் 750. கனமான காரில் வெளிப்பக்க முன்டயர் தாங்குவதை நினைத்தால் இதில் கஞ்சத்தனம் கூடாது. அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) சரியில்லாமல் புது டயர் போடுவது வீண். என் பழைய டயரின் வெளி விளிம்பு புதிது போலிருக்க, உள் விளிம்பில் கம்பி தெரிந்தது. குனிந்து பார்க்காதவரை தெரியாது.

இரண்டு ஸ்ட்ரட்டின் உச்சிகளையும் இணைக்கும் கம்பியான ஸ்ட்ரட் பிரேஸ், பானெட்டைத் திறந்து காட்ட நன்றாக இருக்கும்.

கடைசியாக, எஞ்சின் ரீமேப்பா (மென்பொருளை மாற்றி இழுவையைக் கூட்டுவது), லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியலா (ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழலாமல் தடுப்பது)? முன்சக்கரங்கள் இருக்கும் இழுவையையே தரையில் இறக்கத் திணறும்போது மேலும் இழுவை சேர்ப்பது எதற்கென்று எனக்குப் புரியவில்லை. பற்சக்கர வகை டிஃபரென்ஷியல், வழுக்கும் உள்சக்கரத்திடமிருந்து இழுவையைப் பிடுங்கி வெளிச்சக்கரத்துக்குக் கொடுக்கும். மூக்கு வெளியே ஓடுவதற்கு நேரடி மருந்து அதுதான். ஆனால் கியர்பாக்ஸையே இறக்கிப் பிரிக்க வேண்டும், கூலி பொருளின் விலையோடு போட்டி போடும். நான் கிளட்ச் தேயும் நாளுக்காகக் காத்திருக்கிறேன். அன்றைக்கு எப்படியும் அதை இறக்கத்தான் போகிறார்கள்.