பழுதான பென் டிரைவா? முதலில் டிடிரெஸ்க்யூ

பழுதான பென் டிரைவிலிருந்து கோப்புகளை மீட்க லினக்ஸில் பல மென்பொருள்கள் உண்டு. மற்ற எதைத் தொடுவதற்கு முன்பும் குனூ டிடிரெஸ்க்யூவை இயக்குங்கள் என்பேன். டிரைவில் உள்ளதை அப்படியே வேறு வட்டில் ஒரே கோப்பாக நகலெடுக்கும் கட்டற்ற மென்பொருள் இது. எழுதியவர் அந்தோனியோ டியாஸ் டியாஸ். உபுண்டுவில் நிறுவும்போது பெயர் ஜிடிடிரெஸ்க்யூ. இயக்கும்போது முன்னால் உள்ள ‘ஜி’ கிடையாது.

என் அத்தை பாடிய நடவுப் பாட்டுகள் ஒரு 16 ஜிபி பென் டிரைவில் இருந்தன. கோப்புறையைத் திறந்தாலே கணினி உறைந்து நின்றது. அந்த நிலையில் டிரைவையே பழுதுபார்க்க முயல்வது, இருப்பதையும் இழக்கும் வழி. டிடிரெஸ்க்யூ அதில் எதையும் எழுதுவதில்லை. எளிதில் படிக்க வரும் பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டு, முரண்டு பிடிப்பவற்றைக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கிறது. நலிந்த டிரைவ் எந்த நேரமும் நின்றுபோகலாம் என்பதால் இந்த வரிசைதான் உயிர்.

இதைவிட எனக்குப் பிடித்தது அதன் வரைபடக் கோப்பு. எடுத்த பகுதிக்குக் கூட்டல் குறி, படிக்க முடியாததற்குக் கழித்தல், இன்னும் தொடாததற்குக் கேள்விக்குறி என்று எல்லாவற்றையும் குறித்துவைக்கிறது. என் டிரைவ் சூடேறி நடுவில் இணைப்பை இழந்துவிடும். ஆறவிட்டுச் செருகி அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் மறுபடி செருகும்போது சாதனத்தின் பெயர் எஸ்டிபி என்பது எஸ்டிசி என்று மாறியிருக்கலாம். கணினியில் இணைந்துள்ள வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் பார்த்துவிட்டுத் தொடருங்கள். நகலை ஃபேட்32 என்ற கோப்பு முறைமையில் அமைத்த வட்டில் வைக்காதீர்கள். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது.

பிறகு நகலை டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளில் திறந்தேன். பெரும்பாலான பாட்டுகள் பெயரோடு கிடைத்தன. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறிக்கும் கோப்பு அட்டவணை சிதைந்திருந்த பகுதிக்கு ஃபோட்டோரெக் என்ற இன்னொரு மென்பொருள். பெயர்தான் ஃபோட்டோ, எம்பி3 கோப்புகளையும் அது மீட்கும். கோப்பின் தொடக்க அடையாளத்தை வைத்துத் தேடுவதால் பழைய பெயர்கள் போய்விடும். எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புகள் குவியும். ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் பிரித்தேன். நடவுப் பாட்டுகளுக்காக அதைச் சலிக்காமல் செய்யலாம். மூன்று மென்பொருள்களும் இலவசம்.

எல்எஸ்பிஎல்கேயில் டிரைவே தெரியவில்லை, அல்லது கொள்ளளவு 0 என்று வருகிறது என்றால் இவற்றால் பயனில்லை. சிப்பைக் கழற்றிப் படிக்கும் வசதியுள்ள ஆய்வகத்தைத்தான் நாட வேண்டும்.