குவாரன்டைன் தொட்டிக்கு ஹன்னா காப்பர் மீட்டர்: மருந்துக்கு முன்னால் வாங்க வேண்டியது

கடையில் வாங்கிய கடல் மீனை ஒரு மாதம் தனித் தொட்டியில் (குவாரன்டைன்) வைத்து, ஒட்டுண்ணிகளைக் கொல்லும் காப்பர் (செம்பு) மருந்து கொடுக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள், எந்த மருந்து நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்த மருந்தாக இருந்தாலும், தண்ணீரில் அது எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் ஊற்றினால் ஒன்று நோய் தப்பிக்கும், இல்லையென்றால் மீன் சாகும். தண்ணீரில் காப்பர் எவ்வளவு என்று அளக்கும் இந்த வேலைக்கு ஹன்னாவின் எச்ஐ 702 மீட்டரைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆனால் எந்த மருந்தோடு சேர்த்துப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து அதன் பயன் மாறும்.

வெண்புள்ளி ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்போது காப்பர் அதை ஒன்றும் செய்யாது. தரையில் விழுந்து கூடு கட்டிக்கொண்ட பிறகும் செய்யாது. கூட்டை விட்டு வெளியே வந்து, மீனைத் தேடி நீந்தும் குறுகிய நேரத்தில்தான் கொல்லும். கூடுகள் எல்லாம் ஒரே நாளில் பொரிவதில்லை; வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொரியும். அதனால் 30 நாளும் அளவு இறங்காமல் நிற்க வேண்டும். நடுவில் இறங்கிவிட்டால் கணக்கை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குவதே சரி. பல கடைகளில் உப்பைக் குறைத்து, காப்பரையும் லேசாகப் போட்டு வைத்திருப்பார்கள். நோய் அடங்கியிருக்கும், ஒழிந்திருக்காது. கடையில் பளிச்சென்று இருந்த மீனுக்கு வீட்டில் ஒரு வாரத்தில் புள்ளி வருவது இதனால்தான்.

மீட்டர் 0.00 முதல் 5.00 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை காட்டும். குப்பியில் 10 மி.லி. தொட்டித் தண்ணீர் எடுத்து, துடைத்து, உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தினால் பூஜ்ஜியம் பதிவாகும். திரையில் 'சி2' வந்ததும் குப்பியை எடுத்து ஒரு பொட்டலம் சோதனைத் தூளைக் கொட்டி, மெதுவாகக் குலுக்கி, திரும்ப வைத்துப் எண்கள் இறங்கத் தொடங்கும் வரை பொத்தானை விடாமல் அழுத்த வேண்டும். எண்கள் இறங்கி முடிந்ததும் அளவு வரும். காப்பர் இருந்தால் தண்ணீர் ஊதா நிறமாகும். தப்பு நடப்பது பெரும்பாலும் குப்பியில்தான்: கண்ணாடியில் விரல் ரேகை, உள்சுவரில் ஒட்டிய காற்றுக் குமிழி, பொட்டலத்தின் மூலையில் தங்கிவிட்ட தூள். பொட்டலத்தை வெட்டுவதற்கு முன் இரண்டு தட்டு தட்டி, வெட்டிய பிறகு வாயைக் குவித்துக் கொட்டினால் தூள் முழுதாக இறங்கும். சந்தேகமான அளவு வந்தால் புதுத் தண்ணீரில் மறுபடி பாருங்கள். அதை நம்பி மருந்து ஊற்றாதீர்கள்.

தயாரிப்பாளர் சொல்லும் துல்லியம் ±0.05 பிபிஎம், அதோடு அளவின் 5 சதவீதம். கியூப்ரமைன் போன்ற மருந்தை 0.5 பிபிஎம்மில் நிறுத்த வேண்டும். அங்கே இந்த மீட்டர் 0.5 என்று காட்டினால் உண்மை 0.42 முதல் 0.58 வரை எங்கும் இருக்கலாம். கியூப்ரமைனில் அளவு கூடினால் மீனுக்கு ஆபத்து என்பதால் இந்த இடைவெளி சங்கடமானது. காப்பர் பவர் போன்ற கீலேட் செய்த (காப்பரை வேறொரு பொருளோடு பிணைத்து வைத்த) மருந்துக்கு 2.25 முதல் 2.5 வரை வைப்பது வழக்கம். அங்கே 2.5 என்று காட்டினால் பிழை 0.18க்குள்தான், விகிதத்தில் பாதிக்கும் குறைவு. எனவே இந்த மீட்டர் வாங்குபவர் கீலேட் மருந்தோடு சேர்ப்பதே நல்லது. நிற அட்டை கிட்டுகளில் 1, 2, 4 என்று தாவும் கட்டங்களை வைத்து 2.0க்கும் 2.5க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. பார்க்க இதே மாதிரி இருக்கும் எச்ஐ 747 ஐ மாற்றி வாங்கிவிடாதீர்கள். அது 999 பிபிபி (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைதான், அதாவது 1 பிபிஎம்கூட எட்டாது.

மருந்தின் அளவைத் தொட்டியின் பெயரை வைத்துக் கணக்கிடக் கூடாது. 40 லிட்டர் தொட்டியில் மேலே விட்ட இடைவெளி போக 34, 35 லிட்டர்தான் நிற்கும். வாளியால் அளந்து ஊற்றி, நீர்மட்டத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். முதல் நாள் பாதி அளவு மருந்து போட்டு அளந்தால் மீதிக் கணக்கு தானே வரும்: 20 மி.லி. போட்டு 1.00 வந்தால், 1 மி.லி.க்கு 0.05. இன்னும் 1.40 வேண்டுமானால் 28 மி.லி., அதை நான்கு நாளில் பிரித்துப் போடலாம். தண்ணீர் பத்து சதவீதம் ஆவியானால் 2.5 என்பது 2.78 ஆகும். அதனால் டேப் வரை உப்பில்லாத நல்ல தண்ணீர் நிரப்பிய பிறகே அளக்க வேண்டும். மாற்றும் உப்புத் தண்ணீரில் அதே அளவு காப்பரை முன்பே கலந்துவிடுங்கள்.

அளவு தானாக இறங்கிக்கொண்டே போனால் தொட்டிக்குள் எதுவோ உறிஞ்சுகிறது என்று அர்த்தம். பவழக் கல், பவழ மணல், கார்பன் எதுவும் கூடாது. வெறும் தரை, ஒளிய பிவிசி முழங்கைத் துண்டுகள், பெரிய தொட்டியில் முன்பே ஊறவைத்த ஸ்பான்ஜ் ஃபில்டர், ஹீட்டர் போதும். அம்மோனியா ஏறினால் தண்ணீரை மாற்றுங்கள். கியூப்ரமைன் போட்ட தொட்டியில், அம்மோனியாவை அடக்க ஊற்றும் பிரைம் திரவத்தை ஊற்றக் கூடாது, அது காப்பரை இன்னும் நச்சான வடிவத்துக்கு மாற்றும்.

மீட்டரில் எண் சரியாக நிற்பதால் எல்லா நோயும் போய்விடாது. வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய்க்கும் வெண்புள்ளிக்கும் காப்பர் கேட்கும். க்ளவுன் மீனுக்கு வரும் புரூக்லினெல்லா ஒட்டுண்ணி, குரோமிஸ் மீனுக்கு வரும் யூரோனிமா ஒட்டுண்ணி, தட்டைப்புழு மூன்றுக்கும் கேட்காது. புழுவுக்குத் தனியாகப் பிராசிகுவான்டல் என்ற மருந்து வேண்டும். மாண்டரின், லயன் மீன், விலாங்கு வகைகளுக்குக் காப்பரே ஆகாது.

குறை என்று பார்த்தால் தூள்தான். முதல் ஐந்து நாள் தினமும், பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை அளந்தால் ஒரு சுற்றுக்கு 18 பொட்டலம் போகும். சந்தேகம் வந்து மறுபடி பார்ப்பதையும் சேர்த்தால் 25 பொட்டல டப்பா ஒன்று அதற்கே சரியாகிவிடும். மீட்டரோடு இன்னொரு டப்பாவும் வாங்கிவிடுங்கள். 30 நாள் முடிந்து கார்பன் போட்ட பிறகு 0.00 காட்டினாலும் தண்ணீரில் துளி காப்பர்கூட இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது, ±0.05க்குள் என்றுதான் பொருள். இறாலுக்கும் பவழத்துக்கும் அந்தச் சிறு அளவே ஆபத்தாகலாம். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூடப் பெரிய தொட்டிக்குள் போகக் கூடாது. ஸ்பான்ஜையும் வலையையும் குவாரன்டைனுக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.