மலிவு டமஸ்கஸ் கத்திகள்: கல்லடிக் குசினியில் பாவித்துப் பார்த்ததில்

டமஸ்கஸ் என்றால் அலகில் அலை அலையாக வரி ஓடும் உருக்கு. எங்கள் குசினியில் அந்தப் பெயர் போட்டு வந்த கத்திகள் மூன்று இருக்கின்றன. ஒன்று பாகிஸ்தானில் செய்தது, கட்டாரில் இருக்கும் மச்சான் லீவில் வந்தபோது கொண்டுவந்து தந்தது. இரண்டாவது சீனத்துச் செஃப் கத்தி, ஒன்லைனில் எடுத்தேன். மூன்றாவதும் ஒன்லைன்தான், மற்ற இரண்டின் விலையில் கால்வாசிகூட வராது. வாங்கி வருசங்களாகிவிட்டன. வீடு மட்டக்களப்புக் கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, வாரத்தில் பாதி நாள் மீன். உப்புக்காற்றும் மீன் தண்ணீரும் சேர்ந்தால் எந்தக் கத்தியின் குணமும் கெதியாக வெளியே வந்துவிடும்.

விலை குறைந்த மூன்றாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அதில் இருப்பது டமஸ்கஸ் அல்ல, லேசரில் கீறிய படம். அலை அலையான வரி இரண்டு பக்கமும் அச்சாக ஒரே மாதிரி. முதுகைத் திருப்பிப் பார்த்தால் வெறும் மழமழப்பு, ஒரு கோடுகூடக் கிடையாது. ஆனால் சாதாரண ஸ்டெயின்லெஸ் கத்தியாக எடுத்துக்கொண்டால் மோசமில்லை. கறள் பிடிக்கவில்லை, பாணுக்கும் பழத்துக்கும் இன்றைக்கும் ஓடுகிறது. பெயரைத்தான் பொய்யாகப் போட்டிருக்கிறார்கள்.

போலியைக் கண்டுபிடிக்க எல்லாரும் சொல்லும் வழி ஒன்று உண்டு: சேண்ட் பேப்பரால் தேய், வரி அழிந்தால் போலி. இது அரைகுறை வைத்தியம். உண்மையான டமஸ்கஸிலும் தேய்த்தால் வரி மங்கத்தான் செய்யும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் கறுப்பு வெள்ளை அசிட் அரித்த மேற்தோல்தான். வித்தியாசம் தெரிவது அதற்குப் பிறகு. தேய்த்த இடத்தில் பெரிக் குளோரைட் தடவினால் உண்மையானதில் வரி மறுபடி எழும்பி வரும், போலியில் வராது. சேர்க்கிட் போர்ட் அரிக்கப் பாவிக்கும் அதே திரவம்தான். கையுறை போட்டு, குசினிச் சாமான்களுக்குத் தூரமாக வைத்துச் செய்யுங்கள், பட்ட இடமெல்லாம் மஞ்சளாகக் கறை விழும். அவ்வளவு தூரம் போக மனமில்லாவிட்டால் முதுகைப் பாருங்கள். முழு டமஸ்கஸில் பக்கத்து வரி முதுகில் ஏறி மறுபக்கம் இறங்கும். நடுவில் வேறு உருக்கு வைத்துச் செய்ததில் முதுகின் நடுவே ஒரு தனிக்கோடு ஓடும்.

இப்போது விற்கிற டமஸ்கஸ் பெரும்பாலும் இரண்டு வகை உருக்கை மாறி மாறி அடுக்கி, பழுக்கக் காய்ச்சி, அடித்து ஒட்டி, மடித்து, கடைசியில் அசிட்டில் தோய்த்து எடுப்பது. நிக்கல் உள்ள படை வெளிறி நிற்கும், மற்றது கறுக்கும். 1973இல் அமெரிக்கக் கத்திக் கைவினைஞர் பில் மோரன் இந்த முறையில் செய்த கத்திகளைக் காட்சிக்கு வைத்தபிறகுதான் இது மறுபடி பரவியது. பழைய டமஸ்கஸ் வாளின் கதையே வேறு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில், அதாவது சின்ன மண்குகையில், உருக்கி எடுத்த கட்டிகளிலிருந்து வந்த உருக்கு அது, அதன் வரி உள்ளேயே விளைந்தது, ஒட்டி எடுத்ததல்ல. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவயில் தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாக வைத்து இரும்பு உருக்கிய பழைய உலைகளைப் பற்றித் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் 1996இல் எழுதியிருக்கிறார். அந்த நாட்டில் இருந்துகொண்டு நாங்கள் பார்சலில் கத்தி எடுப்பிக்கிறோம் என்பது வேறு கதை.

சரி, பாகிஸ்தான் கத்திக்கு வருவோம். பஞ்சாப் மாகாணத்து வஸீராபாத் கத்தித் தொழிலுக்குப் பேர்போன ஊர், இந்த ரகக் கத்திகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. பார்வைக்கு மூன்றிலும் இதுதான் ராசா. முழு டமஸ்கஸ், அலகுக்கும் பிடிக்கும் இடையில் பித்தளைக் காப்பு, எலும்புப் பிடி, தோல் உறை. வீட்டுக்கு வருகிற யாரும் முதலில் இதைத்தான் கையில் எடுப்பார்கள். குசினிக்குள் வந்தால்தான் சங்கதி தெரியும். முதுகு நாலு மில்லிமீற்றர் தடிப்பு, அந்தத் தடிப்பு வாய்க்கு, அதாவது வெட்டும் விளிம்புக்கு, கிட்டே வரைக்கும் குறையாமல் வருகிறது. கரட்டை வைத்து அழுத்தினால் வெட்டுப்படாது, படக்கென்று பிளக்கும். தக்காளி நசியும். இதைக் கல்லில் தீட்டிச் சரிக்கட்ட முடியாது, பக்கத்தையே அரைத்து மெல்லிசாக்க வேண்டும்.

அடுத்தது பதம், அதாவது உருக்கைச் சூடாக்கிக் குளிரவைத்து இறுக்குவது. தீட்டிய அன்று நன்றாக வெட்டும். இரண்டு மூன்று நாள் மீன் வெட்டியபிறகு போன் டோர்ச்சை வாய்க்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நல்ல கூரில் வெளிச்சம் பட்டுத் திரும்ப இடமே இராது. இதில் அடிப்பக்கம் முழுக்க மினுங்கியது, வாய் மடிந்து கிடந்தது. நுனிப்பக்கம் அப்படியே கூராக. ஒரே அலகில் இரண்டு குணம். பழைய அரம் ஒன்றை எடுத்து மெதுவாக இழுத்தால் நுனிப்பக்கம் வழுக்கிப் போனது, பிடிக்குக் கிட்ட கடித்தது. கடித்தால் அந்த இடம் மென்மை என்று அர்த்தம். பதம் போடும்போது சூடு சரிசமமாக ஏறவில்லை. விளம்பரத்தில் 1095, 15என்20 என்று இரண்டு உருக்கின் பெயரும் போட்டிருந்தது. இருக்கலாம். நல்ல உருக்கென்றாலும் பதம் பிழைத்தால் அதில் ஒன்றுமில்லை.

கறள் இதற்குப் பெரிய வியாதி. அறக்குளா மீன் வெட்டி, தேசிக்காய் பிழிந்து, கழுவாமல் சாப்பாடு முடியும்வரை வைத்தால் போதும், செம்மஞ்சள் புள்ளி நிற்கும். கழுவித் துவாயால் துடைத்து, எண்ணெய் பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும். வெட்டுப்பலகைக்குப் பூசும் மினரல் ஒயில் நல்லது. எல்லாவற்றிலும் மோசம் அந்த அழகான தோல் உறை. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பதனிட்ட மருந்தும் இரும்புக்கு ஆகாது. மாரி காலத்தில் உறைக்குள் விட்டுவிட்டு எடுத்தபோது உறை தொட்ட இடமெல்லாம் கறள் படம் வரைந்திருந்தது. போதாக்குறைக்கு, பித்தளைக் காப்புக்கும் எலும்புக்கும் இடையில் மயிரிழை இடைவெளி. மீன் தண்ணீர் அதற்குள் போனால் வெளியே வராது. சவர்க்காரம் போட்டாலும் நாற்றம் போகவில்லை. அம்மா ஒருநாள் மோந்து பார்த்துவிட்டு, "இத வெச்சி என்ன மனே செய்ற, கண்ணாடி அலுமாரிக்குள்ள வையன்" என்றார். இப்போது அங்கேதான் இருக்கிறது.

சீனத்துக் கத்தி குவாங்டொங் மாகாணத்து யாங்ஜியாங்கில் செய்தது. அறுபத்தேழு படை என்று பெட்டியில் எழுதியிருந்தது. நடுவில் ஒரு தகடு, இரண்டு பக்கமும் முப்பத்துமூன்று, கணக்குச் சரி. இதில் வரி வெறும் சட்டைதான், வெட்டுவது நடுத்தகடு. அதன் பெயர் 10சிஆர்15. கிட்டத்தட்ட ஒரு வீதம் கார்பன், பதினைந்து வீதம் குரோமியம், ஜப்பானின் விஜி10 உருக்கைப் போன்ற ஒன்று. அலகின் கீழ்ப்பகுதியைப் பார்த்தால் வரி ஒரு வளைந்த கோட்டில் நின்றுவிடும், அதற்குக் கீழே வெறும் உருக்கு. அந்தக் கோடு இயல்பாக நெளிந்து போனால் நல்ல சகுனம், அடிமட்டம் வைத்த மாதிரி நேராக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வரும்போதே கூர் சுமார்தான். ஆயிரம் கிறிட் கல்லிலும், பிறகு மூவாயிரத்திலும் பக்கத்துக்குப் பதினைந்து பாகையில் தீட்டியபிறகு இதன் உண்மையான முகம் தெரிந்தது. வெங்காயம், இறைச்சி, மீன் சதை எல்லாம் சத்தமில்லாமல் போகும். கூர் வாரக்கணக்கில் நிற்கிறது. கறள் மிகக் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று நினைக்கக்கூடாது. உப்புத் தண்ணீரோடு இரவு முழுக்கக் கிடந்தால் இதிலும் பொட்டு விழும்.

குறை ஒன்றுதான், ஆனால் எங்கள் பக்கத்துக்கு அது பெரிய குறை. எலும்பில் போடக்கூடாது. தம்பி பாரைத் தலையை இதால் ஒரே போடாகப் போட்டான். வாயில் நொய்யரிசி அளவில் பிறை மாதிரி ஒரு துண்டு பறந்துவிட்டது. இறுகிய உருக்கு மடியாது, உடையும். அந்தப் பள்ளம் போகுமட்டும் வாய் முழுவதையும் அரைத்து இறக்க ஒரு பின்னேரம் போனது. மீன் தலைக்கும் நண்டுக்கும் கம்மாலையில் லொறி ஸ்பிரிங் தகட்டில் அடித்த மன்னாக் கத்திதான் சரி. அது கறுத்துக் கிடக்கும், ஒரு வரியும் இல்லை, ஆனால் எலும்பில் போட்டாலும் கொஞ்சம் மழுங்குமே தவிர உடையாது. சிமெந்துப் படியில் நாலு இழுப்பு இழுத்தால் மறுபடி வேலைக்கு வந்துவிடும்.

வாங்க நினைக்கிறவர்கள் விற்பவரிடம் வரியைப் பற்றிக் கேட்க வேண்டாம். வாய் எந்த உருக்கு என்று கேளுங்கள். "ஹைகார்பன் டமஸ்கஸ்" என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடுவது நல்லது. முதுகையும், வாயை முன்பக்கமிருந்தும் எடுத்த படம் அனுப்பச் சொல்லுங்கள், தடிப்பு அதில் தெரிந்துவிடும். பார்சல் வந்தவுடன் டோர்ச் அடித்து வாய்க்குக் கிட்ட உள்ள வரிகளைப் பாருங்கள். நகம் மாட்டுகிற கறுப்புக் கோடு இருந்தால் அங்கே படை சரியாக ஒட்டவில்லை, தீட்டத் தீட்ட அது வாய்க்கு வந்து அங்கேயே பிரியும். அப்படி ஏதும் கண்டால் தீட்டிப் பார்க்காமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள். கல்லில் ஒருதரம் பட்டுவிட்டால் பாவித்த கத்தி என்று சொல்லி எடுக்கமாட்டார்கள்.