பேர் மாறிடுச்சு சார் என்று சொல்லி விற்ற போலி பேட்டரி

பழைய ஹிட்டாச்சி டிரில்லுக்குப் பேட்டரி தேடுகிறவர்கள் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் உண்மையில் நடந்தது. ஹிட்டாச்சி குழுமத்தில் டிரில் போன்ற டூல்களைத் தயாரித்த ஹிட்டாச்சி கோக்கி நிறுவனத்தை 2017-இல் கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. குழுமத்தை விட்டு வெளியே வந்ததால் 2018 அக்டோபரிலிருந்து டூல்களுக்கு ஹைகோக்கி என்று பெயர். வட அமெரிக்காவில் மட்டும் மெட்டாபோ எச்பிடி. 18 வோல்ட் ஸ்லைடு பேட்டரியின் (தள்ளிச் செருகும் வகை) பொருத்தத்தை மாற்றவில்லை. ஹைகோக்கியின் அந்த வகை பேட்டரி, அதே வகை பேட்டரி போடும் பழைய பச்சை ஹிட்டாச்சி டிரில்லில் ஒழுங்காகப் போய் உட்காரும்.

எனக்கு விற்றவர் இதையே சாக்காக வைத்துக்கொண்டார். ஆன்லைனில் 5 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரி எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்ற அளவு) பேட்டரி ஒன்று ஆர்டர் செய்திருந்தேன். வந்ததில் லேபிள் எழுத்து மங்கல், சீரியல் நம்பரைக் காணவில்லை. போன் செய்து கேட்டால், "கம்பெனி பேரே மாறிடுச்சு சார், லேபிள் மட்டும் பழைய மாதிரியே இருக்குமா?" என்கிறார். பெயர் மாறியது நிஜம்தானே, என்ன சொல்லி மறுப்பது?

கான்கிரீட் சுவரில் சில துளைகள் போடுவதற்குள் டிரில் திணற ஆரம்பித்தது. பேட்டரியில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. பழைய ஒரிஜினலை ஒரு கையிலும் இதை இன்னொரு கையிலும் தூக்கிப் பார்த்தேன். இது தக்கை மாதிரி இருந்தது. என் ஒரிஜினல் மாதிரியான 5 ஆம்பியர் அவர் பேட்டரிக்குள் 18650 என்ற உருளை வடிவ செல்கள் பத்து இருக்கும். ஒரு செல் சுமார் 45 கிராம் என்றால் செல்கள் மட்டுமே 450 கிராம் வந்துவிடும். ரிப்பேர் செய்பவர் என்னுடையதைத் திறந்தார். உள்ளே அதே வகையில் ஐந்தே செல், மீதி இடத்தில் ஸ்பாஞ்ச். அந்த ஐந்தை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட் வரும். ஆனால் பக்கத்தில் இன்னொரு ஐந்து செல் வரிசை இல்லாமல், இந்த வகை செல்லில் 5 ஆம்பியர் அவர் வராது.

வாரண்டி கேட்டதற்கு வந்த பதில்: "அதெல்லாம் புது கம்பெனிகிட்டதான் கேக்கணும் சார்." ஒரே பெயர் மாற்றத்தை வைத்து இரண்டு முறை தப்பித்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

அப்புறம், மெட்டாபோ என்பது தனி ஜெர்மன் பிராண்டு. அதன் பேட்டரி மெட்டாபோ எச்பிடி டூல்களில் பொருந்தாது. முதல் சொல் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். பெயர் அப்படியே இருந்து உள்ளே எல்லாம் மாறுவதும் உண்டு. கிராஃப்ட்ஸ்மேன் என்ற அமெரிக்க டூல் பிராண்டை 2017-இல் சியர்ஸ் என்ற கடை நிறுவனத்திடமிருந்து ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் என்ற டூல் கம்பெனி வாங்கியது. அதன் பிறகு வந்த வி20 பேட்டரி பழைய கிராஃப்ட்ஸ்மேன் 19.2 வோல்ட் டிரில்லில் ஏறாது.

அதனால் பிராண்டு பெயரை விடுங்கள், பேட்டரியின் மாடல் நம்பரைப் பாருங்கள். அந்த நம்பர் உங்கள் டூலுக்குச் சேருமா என்று கம்பெனியின் பட்டியலில் சரிபாருங்கள். பணம் கட்டும் முன் சீரியல் நம்பர் தெரியும்படி போட்டோ கேளுங்கள், வாரண்டி யார் தருகிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். பேட்டரி கைக்கு வந்ததும் எடை போடுங்கள்.

திறந்த பேட்டரியின் படத்தோடு விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. அந்த ஆள் அதே படத்தைப் போட்டு இன்றைக்கும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்.