அஞ்சு வின்ரர் ஓடின ரயரை கழட்டி வச்சிட்டு எழுதுறன்

2020 நவம்பரில வேண்டினது, மிஷலின் எக்ஸ்-ஐஸ் ஸ்நோ எண்ட வின்ரர் ரயர், அளவு 205/55 ஆர்16, நாலும் இரும்பு ரிம்மோட. கார் 2017 கொறோலா. 2025 ஏப்ரலில கழட்டி அடுக்கேக்க ரயர் பள்ளத்தை அளந்து பாத்தனான், முன்னுக்கு ஓடினதில 5 மில்லிமீற்றர், பின்னுக்கு ஓடினதில அதை விடக் கொஞ்சம் கூட. நான் இருக்கிறது கனடாவில, ரொறன்ரோவின்ர ஸ்காபரோ, கிழமைக்கு ரெண்டு நாள் வேலைக்கு வடக்க பாரி நகரம் மட்டும் போகோணும், அதால வின்ரருக்குப் பத்தாயிரம் கிலோமீற்றர் சும்மா ஓடும்.

அதுக்கு முதல் நானும் ஓல் சீசன்தான், வருசம் முழுக்க ஒரே ரயர். அத்தான் எப்பவும் சொல்லுவார், கியூபெக் மாகாணத்திலதான் டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 மட்டும் வின்ரர் ரயர் போடோணும் எண்டு சட்டம், எங்கட ஒன்ராறியோவில ஆர் கேக்கிறது, மெதுவா ஓடினால் காணும் எண்டு. மெதுவா ஓடுறது சரிதான், ஆனா நிக்க வேண்டிய இடத்தில நிக்கோணுமே! 7 டிகிரிக்குக் கீழ போனா ஓல் சீசன் றப்பர் இறுகத் தொடங்கும், பள்ளிக்கூடத்துப் பழைய அழிறப்பர் கல்லாப் போய்க் கொப்பியைக் கிழிக்குமே, அந்த மாதிரி. வின்ரர் ரயர் -20 இலயும் மெத்தெண்டுதான் இருக்கும், அதோட மேல முழுக்க பிளேட்டால கீறின மாதிரி மெல்லிய வெட்டுகள், அதுதான் ஸ்நோவைக் கவ்வுறது. வேண்டேக்க பக்கவாட்டில மூண்டு முகடு மலையும் நடுவில பனிப்பூவும் போட்ட படம் இருக்கோ எண்டு பாருங்கோ. வெறும் எம்+எஸ் (சேறும் ஸ்நோவும்) எண்டு மட்டும் போட்டிருந்தா அதை நம்பாதேங்கோ. முன்னுக்கு மட்டும் ரெண்டு போட்டுச் சமாளிக்கிற வேலையும் வேண்டாம், வளைவில பின்பக்கம் உங்களை முந்திக்கொண்டு வரும்.

முதல் வின்ரரில நல்ல சந்தோசம். பாரிக்குப் போற 400 ஹைவே தெரிஞ்சவைக்கு விளங்கும், வோனில வெயில் எறிக்கும், குக்ஸ்ரவுன் தாண்டினா ஜோர்ஜியன் பே ஏரிப்பக்கம் இருந்து வாற ஸ்நோ ஒரேயடியா வெள்ளைச் சீலை கட்டின மாதிரி மறைச்சுப்போடும், முன்னால போறவன்ர பின் லைற்றும் தெரியாது. அதுக்குள்ள இந்த ரயர் நேர்கோட்டில அப்பிடியே பிடிச்சுக்கொண்டு போகும், சந்தியில பச்சை விழுந்தாச் சுத்தாமல் எழும்பும். அதாலதான் எனக்கு மண்டைக் கனம் பிடிச்சது.

ரெண்டாவது வருசம் ஒரு நாள் விடிய அஞ்சு மணி, டாஷ்ல +1 எண்டு காட்டுது, ரோட்டு சும்மா ஈரம் மாதிரித்தான் கிடக்கு, நானும் வழமையான கெதியிலயே பாலத்தில ஏறி இறங்கிப் போறன், கீழ சந்தியில சிவப்பு, பிரேக்கை மிதிச்சா காலுக்குக் கீழ பெடல் கர்ர்ர் எண்டு அடிக்குது, கார் நிக்கேல்லை. ஸ்ரியறிங்கைத் திருப்பினனான், அதுக்கும் ஒண்டுமில்லை, நாலு சில்லும் வேற ஆரோவின்ரது போல. கடைசியில ரோட்டோரக் கேர்ப்பில முன் சில்லு இடிச்சு நிண்டது. ஒருத்தரும் குறுக்க வரேல்லை, ரிம்தான் நெளிஞ்சது. பாலம் மேலயும் கீழயும் காத்துப் பட்டு ரோட்டை விட முந்தி உறையும், அது நான் வாசிச்ச விசயம்தான், ஆனா ரயரை நம்பி மறந்துபோனன். இப்பிடிக் கண்ணுக்குத் தெரியாமல் ரோட்டில உறைஞ்சு கிடக்கிற பிளாக் ஐஸில ஆணியில்லாத எந்த ரயரும் கொஞ்சம்தான் பிடிக்கும், ஆணி ரயர் எங்கட பக்கம் போடவும் ஏலாது, வட ஒன்ராறியோவில மட்டும்தான் விடுகினம். அண்டையில இருந்து பூச்சியத்துக்குக் கிட்டக் கிட்ட நிக்கிற நாளுக்குத்தான் எனக்குக் கூடப் பயம், -15 இல காய்ஞ்ச ஸ்நோ உண்மையில அவ்வளவு சறுக்காது. பெடல் அடிச்சாலும் காலை எடுக்காதேங்கோ, அது ஏபிஎஸ், சில்லு இறுகிப் பூட்டாமல் பாக்கிற பிரேக், தன்ர வேலையைச் செய்யுது. கெதியைத் தானாப் பிடிச்சு வச்சிருக்கிற குறூஸ் போடுறதை விட்டிட்டன். நீல லைற் மின்னிக்கொண்டு போற ஸ்நோ வழிக்கிற லொறியை முந்திறதில்லை, அதுக்குப் பின்னால போறதுதான் நல்ல ரோட்டு.

2022 ஜனவரி 17 ஞாபகம் இருக்கும், ரொறன்ரோவின்ர பெரிய ரோட்டுகள் டொன் வலி பார்க்வே, கார்டினர் ரெண்டும் ஸ்நோ கொட்டிப் பூட்டின நாள். அண்டைக்கு என்ர கார் வாசலில இருந்து இருபது அடி போய் நிண்டது. ரயர் சுத்துது, ஆனா ஸ்நோ பம்பருக்கு மேல, காரின்ர வயிறு அதில குந்திப்போச்சு. உந்த உயரத்துக்கு ரயர் என்ன செய்யும்? சவளும் தும்புத்தடியும்தான். வெளிக்கிடேக்க கூரையில கிடக்கிறதையும் தள்ளிப்போட்டுப் போங்கோ, பிரேக் அடிக்கேக்க முழுக்க முன் கண்ணாடியில விழும். புதைஞ்சுபோய் ஹீற்றர் போட்டு இருக்கிற நிலை வந்தா முதல்ல சைலன்சர் வாயைத் தோண்டி விடுங்கோ, இல்லாட்டிப் புகை உள்ள வந்து ஆளை முடிச்சுப்போடும்.

குறையள் எண்டா, ஒரு வருசம் மாத்தின கராஜில நட்டை வடிவா இறுக்காமல் விட்டிட்டினம், ரெண்டாம் நாள் மார்க்கம் ரோட்டில டொக் டொக் எண்டு சத்தம், இறங்கிப் பாத்தா ஒரு நட் கையால சுத்துது. இப்ப நூறு கிலோமீற்றர் ஓடினாப் பிறகு நானே ஒருக்கா இறுக்கிறனான். காத்தும் அப்பிடித்தான், கராஜுக்குள்ள 20 டிகிரியில 33 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு அடிச்சுவிடுவினம், வெளியில -20 வந்தா 26க்கு இறங்கிடும், குளிர் கூடினா விடியக் காலமை ஒருக்காக் கேஜ் வச்சுப் பாக்கிறது நல்லம். பிறகு, ஏப்ரலில 15 டிகிரி வந்தா இந்த ரயர் வளைவில கொழகொழ எண்டிருக்கும், கெதியாவும் தேயும், கழட்டப் பஞ்சிப்படாதேங்கோ.

காசு அப்ப ரிம்மோட 1300 டொலர் கிட்ட. கோடை ரயர் அந்த மாசங்கள் சும்மா கிடக்கிறதால அதின்ர ஆயுளும் நீளும். ஒன்ராறியோவில 2016 இல இருந்து வின்ரர் ரயருக்கு இன்சூரன்ஸ்காரர் கழிவு குடுத்தே ஆகோணும், ஆனா நீங்களா வாய் திறந்து கேக்காட்டிப் போடமாட்டினம், நான் முதல் வருசம் கேக்காமல் விட்டுக் குடுத்தன்.

எல்லாத்திலயும் சோக்கால எது எந்தச் சில்லு எண்டு எழுதி வச்சிருக்கிறன். அம்புக்குறி பாத்து ஓடுற ரயர், இடம் வலம் மாறக் கூடாது, அதால முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மட்டும் மாத்துவன். நவம்பரில திரும்ப அளந்து பாத்து, 4 மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்திடும் எண்டு தெரிஞ்சா புதுசுதான். அத்தான் இந்த நாலையும் தனக்குத் தரச்சொல்லிக் கேக்கிறார்.