கிங்ஸ்டன் மைன்ஸ், சிகாகோ: டிரம்மரைப் பார்த்து உட்காருங்கள்

சிகாகோவில் ஒரு ராத்திரி ப்ளூஸ் இசை கேட்க வேண்டும் என்றால் பெரும்பாலும் மூன்று கிளப்புகளின் பெயர்களைச் சொல்வார்கள்: டவுன்டவுனுக்குத் தெற்கே கிதார்க் கலைஞர் பட்டி கய் நடத்தும் லெஜெண்ட்ஸ், ஆர்மிட்டேஜ் அவென்யூவில் ரோசாஸ் லவுஞ்ச், லிங்கன் பார்க் பகுதியில் கிங்ஸ்டன் மைன்ஸ். இந்த விமர்சனம் மூன்றாவதைப் பற்றியது. தாராளமாகப் போகலாம். ஆனால் எட்டு மணிக்குப் போய் இரண்டு பாட்டு கேட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் கொடுத்த காசுக்குப் பாதிதான் கிடைக்கும். சுவரொட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலும் அதே கதிதான்.

முதலில் அடிப்படைத் தகவல்கள். முகவரி 2548 நார்த் ஹால்ஸ்டெட் தெரு. ஃபுல்லர்டன் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்துவிடலாம். கிளப் 1968 முதல் நடக்கிறது. நிறுவிய 'டாக்' பெலெக்ரினோ நிஜமாகவே மருத்துவர், பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். உள்ளே இரண்டு மேடைகள். ஒன்றில் ஒரு குழு சுமார் ஒரு மணி நேரம் வாசித்து முடித்ததும் மற்றதில் அடுத்த குழு தொடங்கும். நகரத்தின் பின்னிரவு உரிமம் பெற்ற இடங்கள் காலை 4 மணி வரையும் சனிக்கிழமை இரவில் 5 மணி வரையும் திறந்திருக்கலாம். இந்த கிளப் பெயரெடுத்ததே அந்த நேரத்தால்தான். எந்தெந்த நாள், எத்தனை மணி வரை என்பதைப் போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். 21 வயது முடிந்திருக்க வேண்டும்; அசல் அடையாள அட்டை அவசியம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு பாஸ்போர்ட்தான். ஃபோனில் இருக்கும் படத்தை வாசலில் நம்பிக்கொண்டு நிற்காதீர்கள். சாப்பாடு அமெரிக்கத் தென்மாநில வகை, ரிப்ஸ் (விலா இறைச்சி) பிரதானம். சைவக்காரர்கள் சாப்பிட்டுவிட்டே போவது உத்தமம்.

இனி விஷயத்துக்கு வருவோம். இங்கே வாசிப்பவர்களில் பெரும்பாலோர் உலகச் சுற்றுலா நட்சத்திரங்கள் இல்லை. வாரத்தில் நான்கைந்து ராத்திரி இதே ஊரில், வேறு வேறு குழுக்களோடு வாசித்துப் பிழைப்பவர்கள். வியாழக்கிழமை ஒரு குழுவுக்கு பேஸ் (கீழ்ச்சுருதி கிதார்) வாசித்தவரை சனிக்கிழமை இன்னொரு குழுவில் பார்க்கலாம். பகலில் வேறு வேலை இருப்பதும் இந்த ஊர் ப்ளூஸில் சாதாரணம். கிதார்காரர் டொரோன்சோ கேனன் நகரப் போக்குவரத்துக் கழகப் பேருந்து ஓட்டிக்கொண்டே அலிகேட்டர் என்ற ப்ளூஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்கு இசைத்தட்டு போட்டவர். இன்னொரு கிதார்காரர் லில் எட் ஆரம்ப காலத்தில் கார் கழுவும் இடத்தில் வேலை பார்த்தவர். ஜோவானா கானர் இதே கிங்ஸ்டன் மைன்ஸில் பல வருடங்கள் வார இறுதிகளில் ஸ்லைடு கிதார் (விரலில் மாட்டிய குழாயைத் தந்தியில் வழுக்கி வாசிப்பது) வாசித்து, இந்த மேடையாலேயே பேர் வாங்கினார். ஆக இந்த இடத்தை மதிப்பிடுவதென்றால் இப்படி ராத்திரிக்கு ராத்திரி உழைக்கிறவர்களின் வேலையைத்தான் மதிப்பிட வேண்டும். அதற்கு எதைக் கேட்பது?

ப்ளூஸ் பாட்டுகளின் வழக்கமான சட்டகமான பன்னிரண்டு பார் ப்ளூஸை கர்நாடக சங்கீதம் கேட்ட காது சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஒரு பாருக்கு நாலு எண்ணிக்கை, பன்னிரண்டு பாருக்கு 48. இதையே ஓர் ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்ஜத்தை ஆதாரமாகக் கொண்ட கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) நாலு பார், மத்யமக் கார்டு இரண்டு, மறுபடி ஷட்ஜம் இரண்டு, பஞ்சமம் ஒன்று, மத்யமம் ஒன்று, கடைசி இரண்டு பார் ஷட்ஜத்தில் இறங்கி அடுத்த சுற்றுக்குத் திருப்பிவிடும். அந்தக் கடைசி இரண்டு பாருக்கு 'டர்ன்அரவுண்ட்' என்று பெயர். நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை ஓடும் ஷஃபிளில் (ஒவ்வோர் எண்ணிக்கையும் நீளம், குட்டை என்று பிரிந்து ஊசலாடும் நடை) ஒரு சுற்று 24 விநாடி. 60-இல் நகரும் ஸ்லோ ப்ளூஸில் 48 விநாடி. ஸ்லோ ப்ளூஸில் கிதார்காரர் ஐந்து சுற்று தனி வாசித்தால் நாலு நிமிடம் போய்விடும். அந்த நாலு நிமிடத்தில் முதல் சுற்றைவிட மூன்றாவதில் புதிதாக எதுவும் வரவில்லை என்றால் கைதட்டல் எவ்வளவு இருந்தாலும் அது வெறும் நிரப்பல்தான்.

பாடகர் ஒரு வரியை ஏறத்தாழ இரண்டு பாரில் பாடி முடிப்பார். அடுத்த இரண்டு பார் வாத்தியத்தின் பதிலுக்கு. நல்ல குழுவைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது. பாட்டு நடக்கும்போது கிதாரும் ஹார்மோனிகாவும் ஒதுங்கி நிற்கின்றனவா? வரி முடிந்ததும் ஒருவர் மட்டும் பதில் சொல்கிறாரா, இருவரும் முட்டிக்கொள்கிறார்களா? முட்டிக்கொண்டால் அந்த ராத்திரி யாரோ புதிதாக வந்து சேர்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்தது டிரம்மர். சிகாகோ ஷஃபிள் என்பது சும்மா டக்-டக் இல்லை. வலது கை ரைடு சிம்பல் என்ற பெரிய தாளத்தட்டில் ஷஃபிளை ஓட்டும். இடது கை ஸ்னேர் என்ற சின்ன டிரம்மில் அதே ஷஃபிளை மெல்ல, கேட்டும் கேட்காமலும் தட்டி, இரண்டாம் நாலாம் எண்ணிக்கையில் மட்டும் ஓங்கி அடிக்கும். கால் நாலு எண்ணிக்கைக்கும் தரையில் உள்ள பெரிய பாஸ் டிரம்மைத் தொடும், உதைக்காது, தொடும். இதற்கு 'டபுள் ஷஃபிள்' என்று பெயர். ஃப்ரெட் பிலோ, வில்லி 'பிக் ஐஸ்' ஸ்மித் போன்ற சிகாகோ டிரம்மர்களின் கையிலிருந்து வந்த பாணி. ராக் வாசித்துப் பழகிய கைகள் இங்கே தடுமாறும்: இடது கையின் மெல்லிய தட்டுகள் காணாமல் போய் ஓங்கிய அடி மட்டும் மிஞ்சும், பாட்டு தரையில் இழுபடும். இன்னொரு வழக்கமான கோளாறு வேகம். கிதார்காரர் உச்சத்துக்குப் போகும்போது குழுவே ஓடத் தொடங்கும். பாட்டு ஆரம்பத்தில் நீங்கள் போட்ட தாளமும் முடிவில் போடுவதும் ஒன்றாக இருந்தால் அந்த டிரம்மரின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எந்தக் குழுவைக் கேட்பது என்று தீர்மானிக்க அந்தப் பெயர் உதவும்.

இரண்டாவது கிதாரையும் யாரும் கவனிப்பதில்லை. தனி ஆவர்த்தனம் வாசிப்பவர் பக்கமே எல்லோர் ஃபோனும் திரும்பியிருக்கும்போது, பின்னால் ஒருவர் கனத்த கீழ்ச்சுருதித் தந்திகளில் ஒரே உருவத்தைச் சலிக்காமல் ஓட்டிக்கொண்டிருப்பார். பேஸ் ஒரு பக்கம், இது ஒரு பக்கம், நடுவில் டிரம்ஸ் என்று பின்னிக்கொண்டால்தான் முன்னால் இருப்பவருக்கு நிற்க இடம். இந்தக் கலையில் தேர்ந்தவர் யார் என்றால் ஜான் பிரைமர். தெரசாஸ் லவுஞ்ச் என்ற சிகாகோ கிளப்பின் நிலையக் குழுவில் வாசித்து, ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் கடைசிக் குழுவில் இருந்து, 1983-இல் மடி மறைந்தபின் கிதார்காரர் மேஜிக் ஸ்லிமோடு பல வருடம் வாசித்தவர். பிரைமர் பெயர் எந்த கிளப்பின் பட்டியலில் வந்தாலும் யோசிக்காமல் போங்கள்.

ஹார்மோனிகாவை இவர்கள் 'ஹார்ப்' என்பார்கள். பத்துத் துளை, இருபது நாக்கு, உள்ளங்கையில் அடங்கும் பொருள். பாட்டு ஈ சுருதியில் இருந்தால் ஏ ஹார்ப் எடுப்பார்கள் (ஈ, ஏ, ஜி எல்லாம் மேற்கத்திய சுரப் பெயர்கள்; ஃப்ளாட் என்றால் அரைச்சுரம் கீழே). அப்போதுதான் ப்ளூஸுக்கு வேண்டிய சுரங்கள் உள்ளிழுக்கும் மூச்சில் விழும், அவற்றை வளைக்கவும் முடியும். மூன்றாம் துளையில் இழுக்கும் சுரத்தை மூன்று அரைச்சுரம் வரை கீழே வளைக்கலாம். இடுப்புப் பட்டையிலோ சின்னப் பெட்டியிலோ ஒருவர் அத்தனை ஹார்ப் வைத்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை, சுருதிக்கு ஒன்று வேண்டும். நாலாம், ஐந்தாம் துளைகளின் இழுப்பு நாக்குகள்தான் சீக்கிரம் களைத்துச் சுருதி இறங்கும். பாதிப் பாட்டில் ஒருவர் முகம் சுளித்து வேறு ஹார்ப் எடுத்தால் காரணம் அதுவாக இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு: கிதார்காரர் தந்திகளை அரைச்சுரம் இறக்கி வைத்திருப்பார், "ஈ" என்று சொல்வார், ஒலிப்பது ஈ ஃப்ளாட். ஏ ஹார்ப்போடு உள்ளே நுழைந்தவர் முதல் மூச்சிலேயே அபசுரத்தில் விழுந்து, அவசரமாக ஏ ஃப்ளாட்டைத் தேடுவார்.

அந்தத் தடித்த, கரகரத்த சத்தம் வாயிலிருந்து மட்டும் வருவதில்லை. ஷ்யூர் 'கிரீன் புல்லட்' போன்ற உருண்டை மைக்கை ஹார்ப்போடு சேர்த்து இரண்டு கையாலும் காற்றுப் போகாமல் பொத்தி, வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயரில் செருகுவார்கள். பொத்தல் இறுகினால் சத்தம் தடிக்கும். கூடவே ஊளைச் சத்தமும் தலைதூக்கும். அதைத் தவிர்க்க டிரெபிளைக் குறைப்பார்கள், ஆம்ப்பின் முதல் வால்வை மாற்றி வலுக் குறைந்ததைப் போடுவார்கள், ஸ்பீக்கருக்கு நேரே நிற்காமல் ஓர் அடி விலகி நிற்பார்கள். கலைஞரை நோக்கி வைத்திருக்கும் மேடை ஸ்பீக்கரான மானிட்டரில் ஹார்ப் சத்தத்தை ஏற்றச் சொல்லி ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தால் அடுத்த பாட்டில் ஊளை நிச்சயம்.

ஒத்திகையே இல்லாமல் இவர்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்று வியப்பவர்கள் பாட்டுக்கு முன்னால் தலைவரின் கையைப் பாருங்கள். மேல் நோக்கி ஒரு விரல் என்றால் ஜி, இரண்டு டி, மூன்று ஏ, நாலு ஈ. கீழ் நோக்கி ஒன்று எஃப், இரண்டு பி ஃப்ளாட், மூன்று ஈ ஃப்ளாட். "ஃப்ரம் த ஃபைவ்" என்றால் பஞ்சமக் கார்டு வரும் ஒன்பதாம் பாரிலிருந்து எடுப்பு. "குவிக் சேஞ்ச்" என்றால் இரண்டாவது பாரிலேயே மத்யமக் கார்டுக்குப் போய் வர வேண்டும். இந்த ஒரு வார்த்தை காதில் விழவில்லை என்றால் பேஸ் ஷட்ஜத்திலேயே நிற்க, கிதார் மத்யமத்துக்குப் போய்விடும். தேர்ந்த பேஸ்காரர் இரண்டாம் சுற்றிலேயே சரிசெய்துவிடுவார், முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. இதைப் பிடித்துப் பார்ப்பதில் ஒரு தனி சுகம் இருக்கிறது.

இதற்கெல்லாம் உட்காரும் இடம் முக்கியம். மேடைக்கு நேர் முன்னால் உள்ள இருக்கைகளைத்தான் எல்லோரும் பிடிக்கிறார்கள். அங்கே கிதார் ஆம்ப் நேராகக் காதில் அடிக்கும், பாட்டு மேலே தொங்கும் ஸ்பீக்கரிலிருந்து தலைக்கு மேலாகப் போய்விடும். நாலைந்து வரிசை பின்னால், டிரம்மரின் இடது கை தெரிகிற பக்கமாக உட்காருங்கள். காதடைப்பான் இரண்டு ஜோடி எடுத்துப்போனால் நல்லது. குழு மாறும்போது கூட்டம் மொத்தமும் அடுத்த மேடைக்கு நகரும். அந்த மேடை தொடங்கக் கொஞ்சம் முன்னாலேயே எழுந்து போனால் நல்ல இடம் கிடைக்கும்.

குறை என்றால் கூட்டம்தான். சனிக்கிழமை பத்து மணிவாக்கில் பிறந்தநாள் கொண்டாட வந்த கும்பல், சுற்றுலாப் பயணிகள், பேச்சு, கூச்சல். அந்த நேரத்தில் குழுக்களும் எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளையே போடும், அதில் தவறில்லை. ஒரு மணிக்கு மேல் கூட்டம் வடியும். வேறு இடங்களில் வாசித்து முடித்த கலைஞர்கள் கிதார் பெட்டியோடு உள்ளே வருவதும் அப்போதுதான். கடைசி செட்டில் (இடைவேளை வரையிலான ஒரு தொடர் வாசிப்பு) யார் மேடையேறுவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஜூன் மாதத்தில் மில்லெனியம் பார்க்கில் இலவசமாக நடக்கும் சிகாகோ ப்ளூஸ் விழாவின் நாட்களில் இது இன்னும் அதிகம். நெரிசலும் அதே அளவு அதிகம்.

ரோசாஸ் லவுஞ்ச் இதற்கு நேர் எதிர். மிலான் நகரிலிருந்து வந்த டோனி மஞ்ஜுல்லோவும் அவர் அம்மா ரோசாவும் 1984-இல் தொடங்கிய சின்ன இடம். வருகிறவர்கள் கேட்கத்தான் வருகிறார்கள். முழுக் கவனத்தோடு ஒரே குழுவை இரண்டு செட் கேட்க வேண்டும் என்றால் அங்கே போவதே சரி. லெஜெண்ட்ஸ் 1989-இல் தொடங்கியது, 2010 முதல் 700 சவுத் வாபாஷில் இருக்கிறது. ஜனவரியில் பட்டி கய் தானே வாசிக்கும் ராத்திரிகள் புகழ்பெற்றவை, டிக்கெட் கிடைப்பது கஷ்டம்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. நுழைவுக் கட்டணம் நாளைப் பொறுத்து மாறும். அது கொடுத்தாயிற்று, கலைஞருக்கு என்ன தனியாக என்று நினைக்க வேண்டாம். செட் முடிவில் வாளி சுற்றிவரும். பேசிய தொகையைக் குழுவில் நாலைந்து பேர் பிரித்துக்கொண்டபின் பெட்ரோலுக்கும் தந்திக்கும் உதவுவது அந்த வாளிதான். ஆளுக்கு ஒரு செட்டுக்கு ஐந்து டாலர் என்று சில்லறை நோட்டாகக் கையில் வைத்திருங்கள், வங்கி அட்டையை நம்பாதீர்கள். விருப்பப் பாட்டு கேட்பதானால் வாளியில் போட்டுவிட்டு, செட்டுக்கு நடுவில் அல்லாமல் இடைவேளையில் கேளுங்கள். இசைத்தட்டு விற்றால் கலைஞரின் கையிலிருந்தே வாங்குங்கள்.

திரும்பும்போது ஃபுல்லர்டன் நிலையத்தில் பிரவுன், பர்ப்பிள் தடங்கள் பின்னிரவில் கிடையாது. ரெட் லைன் மட்டும் இரவு முழுக்க ஓடும், ஆனால் அந்நேரம் இடைவெளி அதிகம். குளிர்காலத்தில் நடைமேடையில் காத்திருப்பதைவிட கிளப்புக்கு உள்ளேயே இருந்து ரயில் வரும் நேரத்தை ஃபோனில் பார்த்துக்கொண்டு, இன்னொரு பாட்டு கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.