ஜிப்சமா, கந்தகமா, செம்மண்ணா, அன்னபேதியா? மஞ்சளடித்த புல்தரைக்கு எது சரிப்பட்டது

வீட்டு முன்னால் 600 சதுர அடியில் கொரியன் புல் போட்டு மூன்று வருடம் ஆகிறது. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் வழியில், பெரியநாயக்கன்பாளையம் பக்கம் வீடு. கரிசல் மண், போர் தண்ணீர். முதல் வருடம் பச்சைப் பாய் மாதிரி இருந்தது. இரண்டாவது கோடையில் வெளிற ஆரம்பித்தது. யூரியா போட்டோம், பத்து நாள் தெளிந்து மறுபடி வெளிறியது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) நிறைந்த டிஏபி உரம் போட்டோம், இன்னும் மோசம். தோட்ட வேலைக்கு வரும் அண்ணன், "ஒரு மூட்டை ஜிப்சம் போட்டு வுட்டாச் செரியாப் போயிருமுங்க" என்றார். அந்த மூட்டையை வாங்குவதற்கு முன்னால் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்ப்போம் என்று தோன்றியது நல்லதாகப் போயிற்று.

மாதிரி எடுக்கும் முறை பலருக்கும் தெரிந்ததுதான். பத்து இடத்தில் அரை அடிக்கு 'வி' வடிவத்தில் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, நான்காகப் பகிர்ந்து பகிர்ந்து அரைக் கிலோவாக்கிக் கொடுக்க வேண்டும். இரும்புச் சத்து பார்க்க வேண்டுமென்றால் துருப்பிடித்த மண்வெட்டி வேண்டாம்.

பரிசோதனை முடிவு அட்டையில் வந்தது இது: கார அமில நிலை (பிஎச்) 8.3. உப்பு நிலை 0.4, பிரச்சினை இல்லை. அங்ககக் கரிமம் 0.42 சதவீதம், குறைவு. மணிச்சத்து அதிகம் (மாதாமாதம் போட்ட டிஏபி வேறெங்கே போகும்?). இரும்பு 3.1 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3.1 பங்கு). சுண்ணாம்பு மண்ணுக்கு இரும்பு 6.3 பிபிஎம்மாவது இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் வைத்திருக்கும் எல்லை, எங்களிடம் அதில் பாதிதான். கடைசியில், "சுண்ணாம்பு நிலை: அதிகம்". நான் அதிகம் கவனிக்காமல் விட்ட வரி அதுதான். எல்லாமே அதற்குள் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

புல்லையும் உட்கார்ந்து பார்த்தேன். அடி இலை பச்சையாக இருக்க, புதிதாக வரும் நுனி இலை மட்டும் வெளிறி, நரம்பு மட்டும் கோடு கோடாகப் பச்சை. தழைச்சத்துக் குறை என்றால் பழைய இலைதான் முதலில் மஞ்சளடிக்கும். இது இரும்புக் குறை. சுண்ணாம்பு மிகுந்த கார மண்ணில் இரும்பு கரையாமல், வேருக்குக் கிடைக்காமல் போகும்.

இனி வழிகள். முதலில் ஜிப்சம். இது களர் நிலத்துக்கான மருந்து. கார அமில நிலை 8.5க்கு மேலே போய், மண்ணில் ஒட்டியிருக்கும் அயனிகளில் சோடியம் 15 சதவீதத்தைத் தாண்டினால், ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அந்தச் சோடியத்தைத் தள்ளிவிட்டு மண்ணைப் பொலபொலப்பாக்கும். திருச்சி பக்கம் களர் நிலத்தில் வீடு கட்டியவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. எங்கள் மண்ணிலோ சுண்ணாம்பாகவே கால்சியம் கொட்டிக் கிடக்கிறது. ஜிப்சம் காரத்தைக் குறைக்கும் அமிலமும் இல்லை. ஒரு கைப்பிடி மண்ணைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி வைத்தேன், ராத்திரிக்குள் தெளிந்துவிட்டது. களராக இருந்தால் மறுநாளும் டீ மாதிரிக் கலங்கியே நிற்கும். எனவே ஜிப்சம் வேண்டாம் என்று முடிவு.

இரண்டாவது, செம்மண் மாற்றுவது. பக்கத்து வீட்டில் இதைத்தான் செய்தார்கள். அரை அடி ஆழம் என்றால் 600 சதுர அடிக்கு 300 கன அடி, அதாவது மூன்று யூனிட் மண்ணை வெளியே அள்ளி, மூன்று யூனிட் உள்ளே கொண்டுவர வேண்டும். புல்லும் புதிதாகப் பதிக்க வேண்டும். அவர்களுக்குப் புல் அழகாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் லாரி மண்ணோடு கோரைக் கிழங்கும் வந்து இறங்கியது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டு அம்மா கோரை பிடுங்கிக்கொண்டு இருப்பார். இன்னொன்று, கோவையைச் சுற்றியுள்ள செம்மண்ணிலேயே பல இடங்களில் சுண்ணாம்பு உண்டு. லாரியை இறக்கச் சொல்லும் முன் ஒரு கட்டியில் நான்கு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் திருப்பி அனுப்பிவிடலாம். எங்கள் வீட்டு மண்ணில் விட்டபோது சோடா திறந்த மாதிரிச் சத்தமே கேட்டது.

மூன்றாவது, கந்தகம். படித்தவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள், நானும் வாங்கத் தயாராகிவிட்டேன். மண்ணில் உள்ள பாக்டீரியா கந்தகத்தைக் கந்தக அமிலமாக்கும், அமிலம் காரத்தைக் குறைக்கும். தத்துவம் சரிதான். கணக்குதான் உதைக்கிறது. 600 சதுர அடியில் அரை அடி மண் சுமார் 11 டன். அதில் சுண்ணாம்பு ஒரே ஒரு சதவீதம் என்று வைத்தாலும் 110 கிலோ. 100 கிலோ சுண்ணாம்பைக் கரைக்க 32 கிலோ கந்தகம் வேண்டும். ஆக 35 கிலோ. மண்ணில் 5 சதவீதம் இருந்தால் 175 கிலோ. அந்தச் சுண்ணாம்பு கரைந்து தீரும்வரை கார அமில நிலை 8.3ஐ விட்டுப் பெரிதாக நகராது. நிற்கிற புல்லின் மேல் இந்த அளவு இடத்துக்கு ஒரு தடவையில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தூவினால் கருகும். 35 கிலோவை இப்படிப் பிரித்துப் போட 23 தடவை ஆகும்!

சரி, பொறுமையாகப் போடுவோம் என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மண்ணோடு சேர்த்தே கொடுத்திருக்க வேண்டியது. லிட்டருக்கு 320 மில்லிகிராம் காரத்தன்மை, சுண்ணாம்புக் கணக்கில். கோடையில் தினமும் 280 லிட்டர் ஊற்றுகிறேன். 280 லிட்டரில் 90 கிராம். மழை நாள் போக வருடத்தில் 240 நாள் ஊற்றினால் 21 கிலோவுக்கு மேல். அதாவது வருடத்துக்கு ஒரு சின்ன மூட்டைச் சுண்ணாம்பை ஹோஸ் பிடித்து நானே புல்லுக்குத் தூவிக்கொண்டிருக்கிறேன். இதை ஈடுகட்ட மட்டுமே வருடம் 7 கிலோ கந்தகம் வேண்டும். அதுவும் மண் இருக்கிற நிலையிலிருந்து கெடாமல் நிற்பதற்குத்தான், முன்னேறுவதற்கு இல்லை. செம்மண் மாற்றினாலும் இதே தண்ணீர்தான் அதன் மேலும் விழும்.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் புல் தானாகவே தெளியும், மாசியில் வெளிறும். வெயில் குறைவதால் என்று நினைத்திருந்தேன். மழைத்தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை என்பதும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது. மழை நீர் தேங்கும் மூலை மட்டும் அந்த மாதங்களிலும் மஞ்சளாகத்தான் இருக்கும். தேங்கிய நீரில் பைகார்பனேட் கூடி, வேர் இரும்பை எடுக்க முடியாமல் போகும். அந்த மூலைக்கு வாட்டம் சரிசெய்தபின் தேவலை.

ஆகவே மண்ணை மாற்றும் எண்ணத்தைக் கைவிட்டு, இலைக்கு நேரடியாக இரும்பு கொடுப்பது என்று முடிவு செய்தேன். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 10 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்). மழைத்தண்ணீர் இருந்தால் அது, இல்லையென்றால் போர் தண்ணீரில் முதலில் எலுமிச்சை உப்பைக் கரைத்துவிட்டு அப்புறம் அன்னபேதி. வரிசை மாறினால் கரைசல் கண்ணெதிரே டீ நிறத்துக்குப் போகும். அந்த இரும்பு இலைக்குள் இறங்காது, கொட்டிவிட வேண்டியதுதான். சரியாக வந்தால் வெளிர் பச்சையாக இருக்கும். சாயங்காலம் தெளிக்க வேண்டும். நான்காவது நாள் வித்தியாசம் தெரிந்தது, ஒரு வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் "என்னங்க, புது லானா?" என்று கேட்டார்.

இதற்கும் குறை உண்டு. இலைக்குள் போன இரும்பு புது இலைக்கு நகராது. வெட்ட வெட்ட மூன்று வாரத்தில் மறுபடி வெளிறும், மறுபடி தெளிக்க வேண்டும். தெளிப்பான் போர்டிகோ பக்கம் திரும்பினால் டைல்ஸில் துருப்புள்ளி விழும். முதல் தடவை விழுந்த புள்ளிகள் இன்னும் இருக்கின்றன, வீட்டில் வாங்கிய பேச்சும் மறக்கவில்லை. இப்போது பழைய சாக்கை விரித்துவிட்டுத்தான் தெளிக்கிறேன்.

தெளிப்புக்கு இடைவெளி கூட்ட இரண்டு துணை வேலை. யூரியாவை நிறுத்திவிட்டு ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கிலோ அம்மோனியம் சல்பேட், தூவியதும் தண்ணீர். அது வேரைச் சுற்றி மட்டும் கொஞ்சம் அமிலத்தை உண்டாக்கும், புல்லுக்கு அது போதும். வருடம் இரண்டு முறை சலித்த மண்புழு உரம் கால் அங்குல கனத்துக்கு. ஏழெட்டு மூட்டை பிடிக்கும். டிஏபி வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது, மிஞ்சிய மணிச்சத்து இருக்கிற இரும்பையும் கட்டிப்போடும்.

கீலேட் இரும்பு, அதாவது மண்ணில் கரையாமல் போகாதபடி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு, பற்றியும் கேட்பார்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் இடிடிஏ (EDTA) வகையை மண்ணில் ஊற்றினால் 8.3 காரத்தில் நிற்காது. இடிடிஎச்ஏ (EDDHA) வகை நிற்கும், கரைத்தால் நல்ல சிவப்பு நிறம். விலைதான் பல மடங்கு. ஒரே ஒரு முறை, ரொம்ப மோசமாக இருந்த ஒரு சின்னத் திட்டில் மட்டும் ஊற்றிப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு மேல் பச்சை நின்றது. சின்ன லான், செலவு பொருட்டில்லை, தெளிக்க நேரமில்லை என்பவர்களுக்கு இது என் வழியைவிடத் தேவலையாக இருக்கலாம். ஒரு திட்டை வைத்து அதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

அன்னபேதி வழியும் எனக்கு ஒரு கோடைதான் தாண்டியிருக்கிறது. சென்ற மாதம் மொட்டை மாடிக் குழாயைத் தொட்டியில் விட்டு, கிடைக்கிற மழைத்தண்ணீரைப் புல்லுக்கு என்று தனியாகப் பிடித்து வைக்கிறேன். தெளிப்பு மூன்று வாரத்திலிருந்து ஐந்து வாரமாக நீண்டிருக்கிறது. அது மழைத்தண்ணீராலா, மண்புழு உரத்தாலா என்று பிரித்துச் சொல்ல இன்னொரு கோடை வர வேண்டும்.

மாமரத்தடியில் மட்டும் எதைத் தெளித்தும் புல் வரவில்லை. அங்கே பிரச்சினை நிழல், அட்டையில் அதற்கு வரியே கிடையாது. அந்த இடத்துப் புல்லை எடுத்துவிட்டுக் கடப்பைக் கல் பாவிவிட்டேன்.